ஏரியோரம் மனைப்பிரிவு வரும்போது: கலங்கலும் வரத்துக் கால்வாயும்

ஏரிக்குப் பக்கத்தில் வீட்டுமனை விளம்பரப் பலகை ஏறியதும் ஊர்க்காரர்கள் முதலில் பார்ப்பது தண்ணீர் நிற்கும் இடத்தைத்தான். உள்ளே மண் கொட்டுகிறார்களா, கல் நடுகிறார்களா என்று ஒரு கண் வைத்திருப்பார்கள். அந்தப் பயம் நியாயமானது. மாம்பலத்து நெடிய ஏரியை வற்றவைத்துத்தான் 1920-களில் தியாகராய நகர் எழுந்தது. முகப்பேரில் அரசே ‘ஏரித் திட்டம்’ என்ற பெயரில் மனை போட்டது; முகவரிகளில் இன்றும் அந்தப் பெயர் இருக்கிறது. ஆனால் இப்போது ஏரி கெடத் தொடங்குவது பெரும்பாலும் அதன் எல்லைக்கு வெளியே. மேலே, ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாயில் தொடங்கும், அல்லது கீழே, உபரி வழிந்தோடும் கலங்கலில் தொடங்கும். நீர்ப்பரப்பை மட்டும் காவல் காத்தால் வரத்து அறுந்து, சாக்கடை தேங்கிய ஒரு பள்ளம்தான் மிஞ்சும்.

தாம்பரம், செம்பாக்கம், பள்ளிக்கரணை வட்டாரத்தை மனத்தில் வைத்து இதை எழுதுகிறோம். அங்கே எந்த ஏரியும் தனி ஏரி இல்லை. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் பக்கத்து உபரி செம்பாக்கத்துக்கு வரும். செம்பாக்கத்து உபரி நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் வழியாகப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் போய்ச் சேரும். மேல் ஏரியில் ஒரு மனைப்பிரிவு செய்யும் தவறு கீழே நான்கு ஏரிகளுக்குப் போகிறது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியபோது தண்ணீர் தன் பழைய வழியைத்தான் தேடிப் போனது. அந்த வழியில் வீடுகள் இருந்தன.

முதல் வேலை, ஏரியின் எல்லை எது என்று தரையில் காட்டுவது. கலங்கலின் உச்சிதான் ஏரியின் முழு நீர்மட்டம், பொறியாளர்கள் எஃப்.டி.எல். என்பார்கள். அந்த மட்டத்தில் ஏரியைச் சுற்றிக் கோடு போட்டால் அது எங்கெல்லாம் போகிறதோ அதுவரை தண்ணீர் ஏறும். கலங்கல் மேல் அரை அடி, ஒரு அடி உயரத்துக்குத் தண்ணீர் வழியும் வெள்ள நாளில் கோடு இன்னும் வெளியே போகும். கரைக்கு எதிர்ப்புறமான முன்கரை தட்டையான நிலம். அங்கே மட்டத்தில் ஒரு அடி ஏறினால் தண்ணீர் தரையில் நூறு, இருநூறு அடி உள்ளே வந்துவிடும். கோடையில் மனை பார்க்க வருபவர் கண்ணுக்கு அது காய்ந்த புல்வெளியாகத்தான் தெரியும்.

லெவல் கருவி வைத்து இந்தக் கோட்டைப் போடலாம். அதைவிட எளிய வழியை ஏரியே கொடுக்கிறது. ஏரி நிரம்பி, கலங்கலில் தண்ணீர் மெல்லிய ஏடாகத் தாண்டத் தொடங்கும் நாளில், முன்கரையில் தண்ணீரின் ஓரம் எங்கே நிற்கிறதோ அதுதான் கோடு. காற்று அடங்கிய விடிகாலையில் போங்கள். காற்றடித்தால் தண்ணீர் ஒரு பக்கம் ஒதுங்கி ஏறி நிற்கும். 25 மீட்டருக்கு ஒன்றாக முளை அடித்து, ஒவ்வொன்றையும் தேதியும் இடக் குறியீடும் பதியும்படி போனில் படம் எடுங்கள். படத்தில் நகராத ஏதாவது ஒன்று கட்டாயம் தெரிய வேண்டும்: மின்கம்பத்தின் எண், சர்வே கல், ஒரு வீட்டின் மூலை. முளையை இரண்டே நாளில் பிடுங்கிவிடுவார்கள் என்பதால் மட்டத்தை ஒரு சிறுபாலச் சுவரிலோ பாறையிலோ ஏற்றிப் பெயிண்ட் கோடு போட்டுவிட வேண்டும். கொத்தனார் மட்டம் பார்க்கும் லெவல் ட்யூப் இதற்குப் போதும். ட்யூபுக்குள் காற்றுக் குமிழி இருந்தால் மட்டம் தப்பும். நகர்த்தும்போது இரு நுனியையும் விரலால் அடைத்துக்கொண்டு, இடம் சேர்ந்த பின் இரண்டையும் திறந்து, தண்ணீர் ஆடி அடங்கிய பிறகே குறிக்க வேண்டும்.

அதற்கு முன் கலங்கல் முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். முன்கரையில் வீடுகள் வந்த ஏரிகளில் கலங்கலை ஓரடி உடைத்து வைப்பது வழக்கமாகிவிட்டது. ஏரி நிரம்பினால் வீட்டு வாசலுக்குத் தண்ணீர் வருகிறதே என்று குடியிருப்பவர்கள் கேட்பார்கள். உடைத்துவிட்டால் அந்த வருடம் பிரச்சினை தீர்ந்த மாதிரி இருக்கும். 100 ஏக்கர் ஏரியில் கலங்கல் 30 செ.மீ. இறங்கினால் சுமார் 12 கோடி லிட்டர் கொள்ளளவு போகிறது. பிறகு இறங்கிய மட்டமே ஏரியின் மட்டம் என்று ஆகி, வெளியே வந்த நிலத்தில் அடுத்த மனைப்பிரிவு வரும். ஏரிக்கு நேரும் சேதங்களில் எது மோசம் என்று கேட்டால் இதைத்தான் சொல்வோம். ஒரு லாரி மண்கூடக் கொட்டாமல் ஏரி சுருங்கிவிடுகிறது.

அடுத்தது ஆவணம். கிராம வரைபடம், எஃப்.எம்.பி. என்கிற புலப்படம், நிலத்தின் வகையும் உரிமையும் எழுதிய அ-பதிவேடு மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். ஏரிப் புறம்போக்கைக் கண்டுபிடிப்பது எளிது. தவறவிடுவது வாய்க்கால்களை. அகலமான வரத்துக் கால்வாய்க்குத் தனிப் புல எண் இருக்கும். சின்ன ஓடைகள் பட்டா நிலத்துக்குள்ளேயே வெறும் கோடாகப் போகும். நிலம் கைமாறி உட்பிரிவு ஆகும்போது அந்தக் கோடு புதுப் படத்தில் விடுபடும். அதனால் இன்றைய படத்தோடு நிறுத்தாமல் நிலப் பதிவுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். அளவைக்கு முந்தைய படத்தையும் நகல் கேட்டு வாங்கி, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒப்பிடுங்கள்.

சட்டத்தைப் பற்றி இரண்டு விஷயம். ஏரி யார் வசம் என்று முதலில் கேளுங்கள். நீர்வளத்துறை வசமுள்ள ஏரிகளுக்கு 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் உண்டு. எல்லை அளந்து, நோட்டீஸ் கொடுத்து, அகற்றும் முறை அதில் இருக்கிறது. மற்ற புறம்போக்குகளுக்கு 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம். இரண்டாவது, ஏரியிலிருந்து 50 மீட்டருக்குள் கட்டடமே கூடாது என்று பல மனுக்களில் எழுதுகிறார்கள். அது 2017-ஆம் ஆண்டின் ஈரநில விதிகளில் உள்ளது. பாசனத்துக்கும் குடிநீருக்கும் மனிதர் அமைத்த நீர்நிலைகளுக்கு அந்த விதிகள் விலக்கு தருகின்றன. 2022-இல் ராம்சார் தளமான, அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணைக்கு அது பொருந்தும். மேலே உள்ள பாசன ஏரிக்கு அதைக் காட்டினால் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு வரியை வைத்தே மனுவைத் தள்ளப் பார்ப்பார்.

வரத்துக் கால்வாயை இப்போது யாரும் முழுதாக மூடுவதில்லை. மனைப்பிரிவுச் சாலைக்கு அடியில் ஹியூம் பைப் என்கிற வட்டமான சிமென்ட் குழாய் போட்டு, ‘வாய்க்கால் அப்படியேதான் இருக்கிறது’ என்று காட்டுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 மீட்டர் அகலமுள்ள மண் வாய்க்காலில் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர், 500-க்கு 1 என்ற சரிவில், நொடிக்கு ஏறக்குறைய 3,000 லிட்டர் கடத்தும். அதே சரிவில் இரண்டடி விட்டமுள்ள சிமென்ட் பைப் முழுதாக ஓடினாலும் 270 லிட்டர் சுமாருக்குத்தான் போகும். மூன்றடி பைப் என்றால் 800 லிட்டர், அதாவது வாய்க்காலில் கால் பங்கு. ஒரு மழைக்காலம் போனால் பைப்பின் அடியில் பாதிக்கு மண்ணும் பிளாஸ்டிக்கும் படிந்திருக்கும். உள்ளே ஆள் இறங்கித் தூர்வாரவும் முடியாது. பைப்புக்குப் பதில் வாய்க்காலின் முழு அகலத்துக்குப் பெட்டிப் பாலம் கேளுங்கள். அதன் தரைமட்டம் வாய்க்கால் தரையைவிட உயர்ந்துவிடக் கூடாது. ஒரு சாண் உயர்ந்தாலும் மேலே தண்ணீர் தேங்கும்.

இதையெல்லாம் கேட்க வேண்டிய நேரம் மனைப்பிரிவு ஒப்புதலுக்கு முன். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அல்லது எட்டு மனை, வீட்டுக்கு மேற்பட்ட திட்டம் ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு இல்லாமல் விற்பனைக்கு வர முடியாது. வரைபடம் அங்கேயே கிடைக்கும். நீர்நிலைக்கு அருகில் என்றால் நீர்வளத்துறையின் தடையில்லாச் சான்றும் இருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி அதன் நகலை நிபந்தனைகளோடு கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். மனையை எந்த மட்டத்துக்கு உயர்த்தலாம், வாய்க்காலுக்கு எவ்வளவு அகலம் விட வேண்டும் என்பது அதில்தான் இருக்கும். காகிதத்தில் உள்ள அகலத்தையும் தரையில் உள்ள அகலத்தையும் டேப் பிடித்து ஒப்பிட்டாலே பாதிப் புகார் எழுதியாகிவிடும்.

திறந்தவெளி ஒதுக்கீட்டைப் பற்றிப் பலர் யோசிப்பதில்லை. 3,000 சதுர மீட்டரைத் தாண்டும் மனைப்பிரிவில் சாலை போக 10 சதவீதம் திறந்தவெளிக்கு விட வேண்டும். வழக்கமாக விற்காத மூலையை அதற்குத் தள்ளிவிடுவார்கள். அதை மனைப்பிரிவின் தாழ்வான பக்கம், ஏரியை அல்லது வாய்க்காலை ஒட்டி விடச் சொல்லி வற்புறுத்துங்கள். இரண்டடி தாழ்த்திப் புல் வளர்த்த பூங்கா மழை நாளில் தண்ணீரைப் பிடித்து வைத்து மெல்ல விடும். 10 ஏக்கர் வயலில் 10 செ.மீ. மழை பெய்தால், முப்பது சதவீதம் ஓடுகிறது என்று வைத்தால், 12 லட்சம் லிட்டர் வெளியே வரும். அதே நிலம் கூரையும் தார்ச்சாலையும் ஆகி எண்பது சதவீதம் ஓடினால் 32 லட்சம் லிட்டர், அதுவும் குறைந்த நேரத்தில். இந்த 20 லட்சம் லிட்டர் வித்தியாசத்தை மனைப்பிரிவு தனக்குள்ளேயே தாங்க வேண்டும் என்பதுதான் நியாயம். தாழ்த்திய பூங்காவோடு ஒவ்வொரு வீட்டிலும் சம்ப் இருந்தால் அதில் பெரும்பகுதியைப் பிடிக்கலாம். 1,000 சதுர அடிக் கூரையில் விழும் முதல் 5 செ.மீ. மழை 4,600 லிட்டர் சொச்சம். ஏரியை ஒட்டிய மனையில் ஆழமான மழைநீர் உறிஞ்சுகுழி தோண்டுவதில் பயனில்லை. நவம்பரில் நிலத்தடி நீர் குழிக்குள்ளேயே நிற்கும்.

கட்டுமான மாதங்களில் வரும் கேடு மண்தான். சவுடு மண் கொட்டி மேடாக்கிய மனை முதல் மழையிலேயே கரைந்து வாய்க்காலுக்கு வரும். தாழ்வான ஓரத்தில் மண்ணைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடும் கெட்டியான ஜியோ துணியை இரண்டடி உயரத்துக்குக் கட்டி, அடியை அரையடி பள்ளம் தோண்டிப் புதைக்க வேண்டும். புதைக்காமல் வெறுமனே கம்பில் கட்டிவிட்டால் தண்ணீர் அடியில் அரித்துக்கொண்டு போய்விடும். தளங்களில் பார்க்கும் துணி வேலிகள் அநேகமாக இப்படித்தான் வீணாகின்றன. வாய்க்காலுக்குக் குறுக்கே இதைக் கட்டினாலும் நிற்காது. ஓடும் தண்ணீர் அடித்துக்கொண்டு போகும். ரெடிமிக்ஸ் லாரி கழுவும் தண்ணீர் கடுமையான காரத்தன்மை உள்ளது; அதற்குத் தனிக் குழி வேண்டும். இடிபாடு கொட்டும் லாரிகள் பெரும்பாலும் இரவில் வரும் என்பதால் ஏரிக்கு இறங்கும் வண்டிப்பாதையில் கல் நட்டு மறிப்பது பத்து புகார்களைவிடப் பலன் தரும்.

குடிவந்த பிறகு வருவது கழிவுநீர். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர், அதில் எண்பது சதவீதம் கழிவு என்பது பொறியாளர்கள் வைக்கும் கணக்கு. 200 வீடு, வீட்டுக்கு நாலு பேர் என்றால் ஒரு நாளைக்கு 86,400 லிட்டர். நொடிக்கு ஒரு லிட்டர் ஓடினால் ஒரு நாளில் சேருவதும் சரியாக அவ்வளவுதான். ஏப்ரல், மே மாதத்தில் மழைநீர் வடிகாலில் தண்ணீர் ஓடினால் அது மழைநீர் இல்லை. வடிகால் ஏரியில் விழும் வாயில் 10 லிட்டர் வாளியைப் பிடியுங்கள். பத்து நொடியில் நிரம்பினால் 200 வீட்டுக் கழிவு உள்ளே வருகிறது. காலை ஆறரை முதல் ஒன்பது மணி வரை ஓட்டம் அதிகம், பிற்பகலில் குறைவு. மூன்று நான்கு நேரங்களில் அளந்து சராசரி எடுங்கள். பிறகு ஏரியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு மேன்ஹோலாகத் திறக்கச் சொல்லி, எந்த இரண்டுக்கு நடுவில் ஓட்டம் ஏறுகிறது என்று பாருங்கள். சேரும் இடம் அங்கேதான். மூடியைத் திறப்பது மாநகராட்சி ஊழியர் முன்னிலையில் நடக்கட்டும். எக்காரணம் கொண்டும் யாரும் உள்ளே இறங்கக் கூடாது. விஷவாயு ஆளைக் கொன்றுவிடும்.

தனி வீட்டுக்காரர்கள் செப்டிக் டேங்கை வடிகாலில் இணைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அலட்சியம் அல்ல. ஏரிக்குக் கீழும் பக்கத்திலும் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் இரண்டு மூன்று அடிக்கு வந்துவிடும். உறிஞ்சுகுழி உறிஞ்சாது, கழிவறை எதுக்களிக்கும், கொத்தனாரைக் கூப்பிட்டு ஓட்டை போடுவார்கள். அபராதம் விதித்தாலும் அடுத்த நவம்பரில் அதேதான் நடக்கும். அந்தத் தெருக்களுக்கு அடி அடைத்த தொட்டியும் கழிவுநீர் லாரியும், அல்லது தெரு முழுவதற்கும் ஒரு குழாய் போட்டுப் பொதுச் சுத்திகரிப்புக்குக் கொண்டுபோவதும்தான் வழி.

அடுக்குமாடிகளில் சுத்திகரிப்பு நிலையம் இருக்கும். ஓடுகிறதா என்பதுதான் கேள்வி. 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டுமானம் என்றால் 2006-ஆம் ஆண்டின் அறிவிக்கைப்படி சுற்றுச்சூழல் முன் அனுமதியும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இணக்க அறிக்கையும் உண்டு. அந்த அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். முழுக் குடியிருப்புக்குக் கட்டிய நிலையத்துக்கு முதல் இரண்டு ஆண்டில் கால் பங்குக் கழிவுதான் வரும். நுண்ணுயிர் வளராது, நிறுத்திவிடுவார்கள், அப்படியே பழகிவிடும். குடியிருப்போர் சங்கத்தில் இருப்பவர்கள் மூன்றைக் கவனித்தால் போதும்: நிலையத்தின் தனி மின் மீட்டர், காற்று ஊதும் ப்ளோயர் ஓடிய மணி நேரம், சகதி எடுத்த ரசீது. சகதியே வெளியே போகாத நிலையம் சுத்திகரிக்கவில்லை. காற்றூட்டும் தொட்டி வகையாக இருந்தால் ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடியில் தொட்டித் தண்ணீரை மொண்டு அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். பழுப்பு நிறச் சகதி 200, 300 மி.லி. அளவுக்கு அடியில் தங்கி மேலே தெளிந்தால் நல்லது. 30, 40 மி.லி. தான் என்றால் அந்தத் தொட்டியில் வேலை செய்யும் உயிர் போதிய அளவில் இல்லை.

ஆகாயத்தாமரையை பொக்லைன் வைத்து அள்ளுவதற்குச் செலவழிக்கும் பணத்தை முதலில் கழிவுநீரைத் தடுக்கச் செலவழிக்க வேண்டும். பாஸ்பரஸும் நைட்ரஜனும் வந்துகொண்டிருக்கும்வரை அள்ளிய இடம் சில வாரங்களில் மூடிக்கொள்ளும். மிதவைத் தோட்டங்களும் அப்படித்தான். பார்க்க அழகாக இருக்கும், வரும் சுமைக்கு முன் எடுபடாது. தடுத்தது போக மிஞ்சும் கசிவுக்கு ஏரி வாயில் ஈரநிலப் படுகை அமைக்கலாம். சரளை நிரப்பி, கோரை, சம்பு, கல்வாழை நட்டு, ஆளுக்கு 2 சதுர மீட்டர் என்று வைத்தால் மேலே சொன்ன 200 வீட்டின் 800 பேருக்கு 40 சென்ட் இடம் தேவை. அதற்கு முன்னால் சாய்வான கம்பித் தடுப்பும் மண் படியும் தொட்டியும் இல்லாவிட்டால் சரளை அடைத்துக்கொள்ளும். வளர்ந்த செடியை அவ்வப்போது அறுத்து வெளியே கொண்டுபோக வேண்டும். அங்கேயே அழுகினால் உறிஞ்சிய சத்து திரும்ப ஏரிக்குப் போகும். பெருமழைத் தண்ணீர் படுகையைத் தொடாமல் போகத் தனி வழியும் வேண்டும். அது இல்லாத இடங்களில் தெருவில் தண்ணீர் ஏறியதும் கம்பித் தடுப்பை உடைத்துவிடுவார்கள்.

அழகுபடுத்தும் திட்டத்தின் பெயரில் ஏரியைச் சுற்றி முழுவட்டமாகக் கரை போட்டு நடைபாதை அமைப்பதை எதிர்க்க வேண்டும். நம் ஏரிகளுக்குக் கரை தாழ்வான பக்கம் மட்டும்தான். மேட்டுப் பக்கம் திறந்திருக்கும், அங்கிருந்து தண்ணீர் பரவலாக இறங்கும். அதையும் அடைத்துவிட்டால் வரத்து இரண்டு மூன்று குழாய்களுக்குள் சுருங்கி, வெளியே உள்ள தெருவில் தண்ணீர் தேங்கும். எல்லை காட்டத்தான் கரை என்றால் கல் நட்டுப் பனை விதை போட்டாலே எல்லை தெரியும். தூர்வாருவதிலும் கவனம் வேண்டும். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டும் ஆழத்திலிருந்து தண்ணீர் மதகு வழியே வெளியே போகாது. களிமண் படுகையை ஊடுருவினால் தண்ணீர் நிற்காது. கரையின் உட்புற அடிவாரத்தை ஒட்டித் தோண்டினால் கரையே சரியும். முழங்கால் அளவுத் தண்ணீர் நிற்கும் முன்கரையைத் தொடாமல் விடுங்கள். நாரையும் உள்ளானும் இரை தேடுவது அங்கேதான்.

தண்ணீரைப் பரிசோதிப்பதானால் விடியலுக்கு முன் மாதிரி எடுங்கள். பாசி நிறைந்த ஏரியில் பகல் முழுதும் பாசியே ஆக்ஸிஜன் விடுவதால் பிற்பகல் அளவு நன்றாகவே இருக்கும். இரவில் அது எல்லாம் தீர்ந்து விடிகாலையில் அடிமட்டத்துக்கு இறங்கும், மீன் சாவது அப்போதுதான். மீன் வாழும் தண்ணீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 4 மி.கி. ஆக்ஸிஜன். பிற்பகல் மூன்று மணி மாதிரியை வைத்து ஏரி நலமாக உள்ளது என்று வரும் அறிக்கையை அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டாம்.

புகாரை ஒரே நாளில் தாசில்தாருக்கும் நீர்வளத்துறை உதவிப் பொறியாளருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, நகலைக் கலெக்டருக்கு வையுங்கள். புல எண், இடக் குறியீடு, தேதியிட்ட படம், பழைய புலப்படத்தின் நகல் இவை நான்கும் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டிவந்தால், தீர்ப்பாயச் சட்டத்தின் 14-ஆவது பிரிவின் கீழ் மனு போட, பிரச்சினைக்கான காரணம் முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம்தான் அவகாசம். தகுந்த காரணம் காட்டினால் மேற்கொண்டு அறுபது நாள். முதல் லாரி மண் விழுந்த நாளிலேயே தேதியோடு படம் எடுத்து வைப்பது இதற்காகத்தான்.